ஸ்பையன் காப்: பேருக்கு என்ன அர்த்தம், தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் லிவர்பூலோட மேட்ச் பாக்குறவங்க 'த காப்'ங்கிற வார்த்தையைக் கேக்காம இருந்திருக்க மாட்டாங்க. அந்த கிளப்போட ஆன்ஃபீல்ட் மைதானத்துல ஒரு கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டாண்ட் அது, அங்க உக்காந்து தொண்டை கிழியப் பாடுற ரசிகர்களுக்குக் காப்பைட்ஸ்னு பேரு. போலீஸைச் சொல்ற 'காப்' வேற, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முழுப் பேரு ஸ்பையன் காப், தென்னாப்பிரிக்காவுல, இப்ப குவாசுலு-நட்டால்னு சொல்ற மாகாணத்துல, துகேலா ஆத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு குன்றோட பேரு.

டச்சுலேர்ந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸ்ல அத ஸ்பியூன்கோப்னு சொல்லுவாங்க. 'ஸ்பியூன்'னா உளவாளி, பிரெஞ்சுலேர்ந்து டச்சுக்குப் போயி அங்கேர்ந்து வந்த சொல்லு. 'கோப்'னா தலை, மலையோட தலைப்பகுதிக்கும் அதேதான். இந்தக் கோப் பழைய காலத்துல கிண்ணத்தைக் குறிச்ச சொல்லு, இங்கிலீஷ் 'கப்'புக்குச் சொந்தம், கிண்ணம் மாதிரி இருக்குன்னு மண்டையோட்டைச் சொல்லப்போயி கடைசில தலைக்கே பேராயிடுச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா நம்ம 'மண்டை'க்கும் இதே ரெண்டு அர்த்தம் உண்டு, சங்கப் பாட்டுல மண்டைன்னா சோறும் கள்ளும் வாங்குற பாத்திரம், நமக்கு இப்ப தலை. ஒண்ணுக்கொண்ணு தெரியாத ரெண்டு மொழி ஒரே வழியில போயிருக்கு!

அப்ப 'ஒற்றன் குன்று'ன்னு மொழிபெயர்த்துட்டா முடிஞ்சுதான்னா, இல்ல. ஒற்றன்னா ஆள் தெரியாம எதிரி கூட்டத்துக்குள்ள கலந்து சேதி எடுக்குறவன், குறள்ல ஒற்றாடல் அதிகாரமே யாரும் சந்தேகப்படாத உருவம் வேணும்னுதான் சொல்லுது. இங்க விஷயம் அது இல்ல. 1830கள்ல மாட்டுவண்டியில புறப்பட்டு வந்த போயர்கள், அதாவது டச்சு வம்சாவளிக் குடியேறிகள், இந்த உச்சியில ஏறி நின்னு சுத்துப்பட்டு நிலத்தைப் பாத்ததால வந்த பேருன்னுதான் சொல்றாங்க. தூரத்துலேர்ந்து நோட்டம் விடுறதுக்கு நம்மகிட்ட 'வேவு'ன்னு தனிச்சொல்லே இருக்கு. அதனால என் ஓட்டு 'வேவுக்குன்று'க்கு. 'வேவுமுடி'ன்னாலும் தப்பில்ல, ஆனைமுடில இருக்கிற அதே முடி.

சின்னக் கோப்புக்குக் 'கோப்பி'ன்னு பேரு, சமவெளியில திடீர்னு பாறையா எழும்பி நிக்கிற குட்டி மலை, செரெங்கெட்டி வீடியோல சிங்கம் ஏறிப் படுத்திருக்குமே அதுதான். இதுக்குத் தமிழ்ல புதுசா சொல்லு தேடவே வேண்டாம், தேனி, மதுரைப் பக்கம் கேட்டா 'கரடு'ன்னு சொல்லிடுவாங்க.

பேரு உலகத்துக்குத் தெரிஞ்சது 1900 ஜனவரி 23, 24ல. பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போயர் போர்ல, போயர்கள் சுத்தி வளைச்சிருந்த லேடிஸ்மித் ஊரோட முற்றுகையை உடைக்க வந்த பிரிட்டிஷ் படை ராத்திரி இருட்டுல குன்று மேல ஏறிடுச்சு, மேல ஒரே மூடுபனி, பள்ளம் தோண்டினா கொஞ்சத்துலயே பாறை தட்டுது, வேவு பாக்குற குன்றுல ஏறினவனுக்கே எதிர்ல எதுவும் தெரியல. காலையில பனி விலகினப்பதான் தாங்க நிக்கிற இடத்தைப் பக்கத்து மேடுகள்லேர்ந்து போயர்கள் சுடமுடியும்னு புரிஞ்சுது. பிரிட்டிஷ் தரப்புல மட்டும் 243 பேர் செத்தாங்க, தோண்டின அந்தப் பள்ளமே அவங்கள்ல நிறைய பேருக்குக் குழியா ஆச்சு. போயர் தளபதி லூயி போத்தா பின்னால தென்னாப்பிரிக்க ஒன்றியத்தோட முதல் பிரதமர். பத்திரிகை நிருபரா போன சர்ச்சில் சேதி சொல்ல அந்தக் குன்றுல ஏறி இறங்கினாரு. காயம்பட்டவங்களைத் தூக்கினவங்கள்ல காந்தியும் இருந்தாரு. அவரோட நட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில சுமார் 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். நட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குன்னு மெட்ராஸ்லேர்ந்து கப்பல் ஏறினவங்கள்ல தமிழர்கள் எவ்வளவோ பேர், அதனால இந்தக் குன்றோட கதையில நம்மாளுங்க தோளும் இருக்குன்னு தாராளமா சொல்லலாம்.

அந்தச் சண்டைல செத்த பிரிட்டிஷ் வீரர்கள்ல, இங்கிலாந்தோட லங்காஷயர் பகுதிப் படைப்பிரிவு ஆளுங்க ஜாஸ்தி, லிவர்பூல் அப்ப அந்த லங்காஷயர்லதான் இருந்துச்சு. 1906ல ஆன்ஃபீல்ட்ல மண்ணைக் கொட்டி, ரசிகர்கள் நின்னு பாக்குற செங்குத்தான மேடு கட்டினப்ப எர்னஸ்ட் எட்வர்ட்ஸ்ங்கிற விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர் இந்தப் பேரை வெச்சாரு. அதுக்கு முன்னாடியே லண்டன்ல ஆர்சனலோட பழைய மைதானத்துல ஒரு மேட்டை இப்படிக் கூப்பிட்டிருக்காங்க, ஆனா நிலைச்சது லிவர்பூல்லதான். ஷெஃபீல்ட் வென்ஸ்டேங்கிற இன்னொரு கிளப்போட ஹில்ஸ்பரோ மைதானத்துலயும் ஒரு காப் இருக்கு. நாட்டிங்கம்ஷயர்ல இந்தப் பேருல ஒரு குட்டி ஊரே இருக்கு.

இப்ப இங்கிலீஷ்ல பெரிய 'கே' போட்டா அந்த ஸ்டாண்ட், சின்ன 'கே' போட்டா கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற எந்த ஸ்டாண்டும். மேட்ச் பத்தி எழுதுறப்ப 'காப்'னே விட்டுடுங்க, அங்க போயி 'வேவுக்குன்று ரசிகர்கள்'னு எழுதினா ஒருத்தருக்கும் புரியாது. போரைப் பத்தியோ நிலத்தைப் பத்தியோ எழுதுறப்ப ஸ்பையன் காப்னு ஒரு தடவை போட்டு, பக்கத்துலயே வேவுக்குன்றுன்னு விளக்கிட்டா போதும்.