சாகித்திய அகாதெமி: சொல்லும் பொருளும்

நெல்லையில் ஓர் எழுத்தாளருக்குப் பாராட்டு விழா என்றால் அழைப்பிதழில் ஒருவிதமாகவும் சுவரொட்டியில் வேறுவிதமாகவும் விருது தந்த தேசிய இலக்கிய அமைப்பின் பெயர் அச்சாகும். சாகித்ய அகாடமி, சாஹித்ய அக்காதெமி, சாகித்திய அகாதெமி என்று எல்லாமே புழக்கத்தில் உள்ளன. எது சரி, ஏன் சரி என்பதைப் பெயரின் இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதல் பாதி வடசொல். 'சஹித' என்றால் உடன் கூடிய, சேர்ந்த என்று பொருள். சொல்லும் பொருளும் பிரியாமல் கூடி நிற்பதே காவியம் என்பது வடமொழி அணியிலக்கண ஆசிரியர் பாமகர் வகுத்த இலக்கணம். அந்தக் கூட்டுறவிலிருந்து வந்ததுதான் சாகித்தியம். தமிழில் இச்சொல் முன்பே வேறு வேலை செய்துவந்தது. கச்சேரியில் சாகித்தியம் என்றால் கீர்த்தனையின் வரிகள். அதை இயற்றியவர் சாகித்தியகர்த்தா. முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1835இல் மறைந்த எட்டயபுரத்தில், இசை தெரிந்தவர்களுக்கு இன்றும் முதலில் தோன்றும் பொருள் அதுவாகத்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயரில் வரும் சாகித்தியம் பாட்டு வரிகளைக் குறிப்பதன்று. கவிதை, கதை, நாவல், நாடகம், கட்டுரை, திறனாய்வு எல்லாம் அடங்கிய இலக்கியம் முழுவதையும் குறிப்பது.

இரண்டாம் பாதி கிரேக்கம். ஏதென்ஸ் நகருக்கு வெளியே அகாதெமோஸ் என்ற வீரனின் பெயரால் ஒரு தோப்பு இருந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிளேட்டோ அங்கே பள்ளி நடத்தினார். தோப்பின் பெயர் பள்ளிக்கு ஆகி, பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக அறிஞர் கூடும் அமைப்புகளுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று.

இனி எழுத்துப் பிரச்சினை. 'சாகித்ய' என்று எழுதினால் 'த்' பக்கத்தில் 'ய' நிற்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் ஒரு சொல்லுக்குள் தமக்குப் பின் தம்மையே கொண்டு இரட்டிக்கும், அவற்றை அடுத்து வேறு மெய் வராது என்பது நன்னூல் விதி. ஆகவே 'த்திய' என்று விரித்து எழுதுவதே தமிழ் மரபு. 'ஹ' ககரமாவதும் அவ்வாறே. அகாடமி என்பது ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றியது. இந்தியில் அந்த இடத்தில் தகர ஒலியே இருப்பதால் நிறுவனம் தமிழில் அகாதெமி என்று எழுதுகிறது. பழைய பதிப்புகளில் காணும் 'அக்காதெமி' பிழையன்று. இரு உயிர்களுக்கு நடுவே தனி ககரம் மென்மையாக ஒலிக்கும் என்பதால், வல்லொலி வேண்டி இரட்டித்திருக்கிறார்கள்.

தமிழில் என்ன பெயர்? மன்றம் என்ற சொல் நெருங்கி வருகிறது. ஊர்ப் பொதுவில் மரத்தடியில் கூடுமிடம் மன்றம். 'மன்றமும் பொதியிலும்' என்று திருமுருகாற்றுப்படை சேர்த்துச் சொல்லும் பொதியிலும் பொது இடமே; அதே பெயர் நம் பொதிகை மலைக்கும் வாய்த்திருக்கிறது. ஏதென்ஸ் தோப்புக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது. ஆனால் பள்ளிக்கூட இலக்கிய மன்றம், ரசிகர் மன்றம் என்று சொல் சிறுத்துவிட்டது. அரசு வழக்கிலும் ஒருமைப்பாடு இல்லை. சங்கீத நாடக அகாதெமிக்கு இணையான தமிழ்நாட்டு அமைப்பு இயல் இசை நாடக மன்றம். லலித கலா அகாதெமிக்கு இணையானது ஓவிய நுண்கலைக் குழு.

எஞ்சுவது கழகம். குறள் காலத்தில் சூதாடுமிடத்தைச் சுட்டிய சொல், கம்பன் வாயில் 'கலைதெரி கழகம்' ஆகிறது. 1920இல் திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தோன்றியபின் நூலோடு சேர்ந்த சொல்லாகவே இந்தச் சீமையில் அது ஊன்றிவிட்டது. ஆகவே பொருள் விளக்க வேண்டிய இடத்தில் 'இந்திய இலக்கியக் கழகம்' என்பதே எங்கள் தேர்வு. விருதின் பெயராக எழுதும்போது மட்டும் சாகித்திய அகாதெமி என்ற இடுபெயரை மாற்றக் கூடாது. மாற்றினால் எந்த விருது என்று யாருக்கும் தெரியாது.

இந்த அமைப்பு 1954 மார்ச் 12 அன்று தில்லியில் தொடங்கப்பட்டது. நேரு முதல் தலைவர். அரசு தோற்றுவித்த, ஆனால் தன்னாட்சியுள்ள அமைப்பு. 24 மொழிகள் இதன் வரம்பு: அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையின் 22, அவற்றோடு ஆங்கிலம், ராஜஸ்தானி.

'அகாதெமி வாங்கினவர்' என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதன்மை விருது 1955இலிருந்து ஒரு நூலுக்கு வழங்கப்படுகிறது, எழுத்தாளரின் வாழ்நாள் பணிக்கு அல்ல. இப்போது ஒரு லட்சம் ரூபாயும் செப்புப் பட்டயமும். மொழிபெயர்ப்புப் பரிசு (1989), சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய விருது (2010), 35 வயதுக்குட்பட்டோருக்கான யுவ விருது (2011) ஆகியவை தனித்தனி. அழைப்பிதழில் எந்த விருது, எந்த நூல், எந்த ஆண்டு என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

ஆண்டில் பிழை வருவதற்குக் காரணம் உண்டு. விருது ஆண்டுக்கு முந்தைய ஓராண்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள ஐந்தாண்டுகளில் முதல் பதிப்பாக வந்த நூல்களே கணக்கில் வரும். 2016இல் வண்ணதாசன் பெற்ற விருதுக்கு 2010 முதல் 2014 வரை வந்த நூல்கள். அறிவிப்பு பெரும்பாலும் டிசம்பரில். வழங்கும் விழாவோ அடுத்த ஆண்டில். ஆகவே விழா நடந்த ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். தகுதியான நூல் இல்லையென்று கருதினால் அந்த மொழிக்கு விருதே கிடையாது; தமிழுக்கு 1960, 1964, 1976 போன்ற ஆண்டுகள் அப்படிக் கழிந்தன.

ஊர்ப்பெயர் போடும்போதும் கவனம் தேவை. தமிழின் முதல் விருதைப் பெற்ற ரா. பி. சேதுப்பிள்ளையும், 1978இல் பெற்ற வல்லிக்கண்ணனும் ராஜவல்லிபுரத்துக்காரர்கள்; அது இன்றும் திருநெல்வேலி மாவட்டம்தான். இடைசெவலின் கு. அழகிரிசாமிக்கு 1970இல் மறைவுக்குப் பின் விருது வந்தபோது அவர் ஊரும் இதே மாவட்டம். அதே ஊர் கி. ராஜநாராயணன் 1991இல் பெற்றபோது மாவட்டம் பிரிந்துவிட்டது: 1986இல் தூத்துக்குடிப் பக்கம் தனியே போயிற்று. இருவரையும் 'நெல்லைச் சீமை' எழுத்தாளர்கள் என்று எழுதலாம். மாவட்டம் குறிப்பதானால் விருது ஆண்டின் மாவட்டமா, இன்றைய மாவட்டமா என்று தெளிவாக்கிவிட வேண்டும்.