அமெரிக்காவின் 1033 திட்டம்: ஊர் போலீசுக்கு ராணுவ வண்டி எப்படி வருகிறது?

ராணுவம் கழித்துப் போட்ட பொருள்களை உள்ளூர் போலீசுக்குக் கொடுக்க அமெரிக்காவில் ஒரு திட்டம் இருக்கிறது. 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 1033ஆம் பிரிவில் வந்ததால் அந்த எண்ணே அதற்குப் பெயராகிவிட்டது. அதற்கு முன் 1990இல் தொடங்கிய ஏற்பாடு போதைப்பொருள் ஒழிப்புக்கு மட்டுமானது. 1033 வந்தபின் எல்லாப் போலீஸ் அமைப்புகளும் கேட்கலாம் என்றாகிவிட்டது. போதைப்பொருள், பயங்கரவாதம், பின்னாளில் சேர்த்த எல்லைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்காகக் கேட்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு. இதுவரை கைமாறிய பொருள்களின் மதிப்பு, ராணுவம் வாங்கிய விலையில் கணக்கிட்டால், 700 கோடி டாலருக்கு மேல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் போகிற சரக்கெல்லாம் துப்பாக்கி இல்லை. அலமாரி, கணினி, தூங்கும் பை, ஜெனரேட்டர், முதலுதவிப் பெட்டி என்று சாதாரணச் சாமான்களே ஏராளம். இந்தத் திட்டத்தைப் பற்றி நடக்கிற சண்டை, எம்-16 என்ற ராணுவத் துப்பாக்கி, இருட்டில் பார்க்கும் கண்ணாடி, ஹெலிகாப்டர், எம்ராப் ஆகியவற்றைப் பற்றியது. எம்ராப் என்பது ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கண்ணிவெடியிலிருந்து சிப்பாய்களைக் காக்கச் செய்த கவச வண்டி. எடை பதினைந்து டன்னை ஒட்டி வரும், விலை 6, 7 லட்சம் டாலர்.

சரி, ஒரு சின்ன ஊரின் போலீஸ் இதை எப்படி வாங்குகிறது? கைது செய்யும் அதிகாரமுள்ள அமைப்பாக இருந்தால் போதும். மாநில ஆளுநர் நியமித்த ஒருங்கிணைப்பாளர் மூலம் பதிவு செய்துகொண்டு, இருப்பை இணையத்தில் பார்த்து, எதற்கு வேண்டும் என்று காரணம் எழுதிக் கேட்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஒப்புக்கொண்டால், மிச்சிகனின் பேட்டில் க்ரீக் நகரில் உள்ள ராணுவத் தளவாட அலுவலகம் முடிவு செய்யும். பொருளுக்கு விலை இல்லை. கொண்டுவரும் செலவும் பராமரிப்பும் ஊரின் தலையில். சாதாரணச் சாமான் ஒரு வருடம் கழித்து ஊருக்கே சொந்தம். ஆயுதமும் கவச வண்டியும் கடைசிவரை ராணுவத்துக்குத்தான் சொந்தம். விற்க முடியாது, வருடந்தோறும் எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வாங்கிய பொருளை ஒரு வருடத்துக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் திருப்பித் தர வேண்டும். சும்மா தூங்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் இலவசமாகக் கிடைத்த கவச வண்டிக்கு வருடக் கெடுவும் வைத்தால், தேவையைப் பார்த்து வண்டி வாங்குவது போய், வண்டியைப் பார்த்துத் தேவையைத் தேடுவது ஆரம்பித்துவிடும் என்பது என் கருத்து.

தேவையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1997 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட்டில் கவச உடை போட்ட இரண்டு வங்கிக் கொள்ளையர்கள் தானியங்கித் துப்பாக்கிகளால் சுட்டபோது, போலீசின் கைத்துப்பாக்கிகள் எடுபடவில்லை. பக்கத்துத் துப்பாக்கிக் கடையில் போய் ரைபிள் வாங்கி வந்தார்கள். அப்படிப்பட்ட நாளுக்கு இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் பள்ளிக்கூடப் போலீசுக்கு? சான் டியேகோ பள்ளி மாவட்டம் 2014இல் ஒரு எம்ராப் வாங்கி, எதிர்ப்புக் கிளம்பியதும் திருப்பிக் கொடுத்தது.

இந்தப் பொருள்கள் வந்தால் குற்றம் குறைகிறதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. குறைகிறது என்று 2017இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. அந்தத் தரவிலேயே ஓட்டை, குறைந்ததற்குச் சான்றில்லை என்று 2020இல் வேறு ஆய்வுகள் மறுத்தன.

விதிகளோ ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன. 2014இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில், கறுப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக்கொன்றதை எதிர்த்த போராட்டக்காரர்கள் எதிரே கவச வண்டிகள் நின்ற படங்களைப் பார்த்து நாடே அதிர்ந்தது. 2015இல் ஒபாமா சங்கிலிச் சக்கரக் கவச வண்டி, கையெறிகுண்டு ஏவி, துப்பாக்கிமுனைக் கத்தி போன்றவற்றைத் தடுத்தார். 2017இல் டிரம்ப் அதை நீக்கினார். 2022இல் பைடன் மறுபடி கட்டுப்பாடு கொண்டுவந்தார், 2025இல் டிரம்ப் அதையும் ரத்து செய்தார். இந்த ஆட்டத்துக்குள் வராதது 2021 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் போட்ட தடை: துப்பாக்கிமுனைக் கத்தி, கையெறிகுண்டு, ஆயுதம் பொருத்திய ட்ரோன், ஆயுதம் பொருத்திய சங்கிலிச் சக்கர வண்டி. பலத்த ஓசையாலும் ஒளியாலும் ஆளைத் திகைக்கவைக்கும் கையெறிகுண்டுகளுக்கு மட்டும் விலக்கு.

மேற்பார்வை எவ்வளவு தளர்வாக இருந்தது என்பதற்கு ஒரு கதை. 2017இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, இல்லாத ஒரு போலீஸ் அமைப்பின் பெயரில் விண்ணப்பம் போட்டுப் பார்த்தது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள், சுமார் 12 லட்சம் டாலர் மதிப்பில், வந்து சேர்ந்தன!

அங்கே குடியிருப்பவர் என்ன செய்யலாம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் 2015 முதல் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் போலீஸ் இதில் சேர முடியாது. கலிஃபோர்னியாவில் 2021இல் வந்த சட்டப்படி, ராணுவப் பொருளை எதற்கு, எப்படிப் பயன்படுத்தப்போகிறோம் என்று போலீஸ் எழுதி, பொதுக் கூட்டத்தில் மன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம் வருடா வருடம் அறிக்கை தர வேண்டும், மக்களைக் கூட்டிப் பேசவும் வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு யாரும் போகலாம், கேள்வி கேட்கலாம்.

மற்ற மாநிலத்துக்காரர்கள் தளவாட அலுவலகம் தன் இணையதளத்தில் போடும் பட்டியலைப் பார்க்கலாம். எந்த ஊர் போலீசிடம் என்ன இருக்கிறது என்பது மாநிலவாரியாக அதில் இருக்கும். ஒரு வருடம் தாண்டிய சாதாரணச் சாமான்கள் பட்டியலிலிருந்து போய்விடும். துப்பாக்கியும் கவச வண்டியும் திருப்பிக் கொடுக்கிறவரை அதில் இருக்கும்.