மோரிஸ் மைனருக்குப் பந்தயக் கார் ராக்கர் எதற்கு?

மறுபடியும் ஒரு மோரிஸ் மைனர் 1000 காரின் இன்ஜின் பட்டறைக்கு வந்திருக்கிறது. ரிங், பேரிங் எல்லாவற்றிலும் பேரம் பேசிய உரிமையாளர், 1.5 விகித ரோலர் ராக்கர் ஆர்ம் செட்டை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். ராக்கர் என்பது, கேம் என்ற மேடுள்ள சுழல்தண்டு தூக்குவதை வாங்கி வால்வை அழுத்தித் திறக்கும் சீசா போன்ற நெம்புகோல். கேட்டால், “வால்வு நன்றாகத் திறக்கும், வண்டி பறக்கும்” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஷெட்டுக்குள் போகும் வண்டி அது.

இந்த விகிதக் கணக்கைப் பொறுமையாகவே சொல்கிறேன். கேம் தூக்குவதைப்போல் எத்தனை மடங்கு வால்வு திறக்கிறது என்பதுதான் விகிதம். டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) இந்தக் கணக்கில் விட்டுவிடுவோம். கேம் 6 மி.மீ. தூக்கினால், 1.25 விகிதமுள்ள பழைய ராக்கர் வால்வை 7.5 மி.மீ. திறக்கும். 1.5 போட்டால் 9 மி.மீ. இழுவை கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அதே நேரத்துக்குள் வால்வு கூடுதல் தூரம் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பளு முழுவதும் ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு, அதன் அடியிலுள்ள டேப்பெட், கேம் என்று கீழே இறங்கும். வால்வு ஸ்பிரிங் முழுதாக அமுங்கிச் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டலாம். ஸ்பிரிங் தட்டு வால்வு கைடில் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) இடிக்கலாம். இதையெல்லாம் அளந்து பார்த்தீர்களா என்றால், பெட்டியில் ‘அப்படியே பொருந்தும்’ என்று போட்டிருந்ததாம்! கேமும் கார்புரேட்டரும் பழையபடியே இருக்கும்போது எதற்கு இந்த வம்பு?

பழைய ராக்கரில் இரண்டு வகை உண்டு: ஃபோர்ஜ் செய்தது (காய்ச்சி அடித்து உருவாக்கியது), தகட்டில் அழுத்தி எடுத்தது. ஃபோர்ஜ் செய்ததில் தேய்ந்த புஷ்ஷை (ராக்கரின் நடுத்துளையிலுள்ள உலோக வளையம்) தட்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டு, எண்ணெய்த் துளையிட்டு, ரீமர் ஓட்டி உள்ளளவைச் சரிசெய்தால் போதும். தகட்டு ராக்கரில் அந்த வேலை நடக்காது. தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ராக்கர்களைக் கோர்த்திருக்கும் ஷாஃப்டை மேலே பார்த்து நம்பாதீர்கள். கழற்றித் திருப்பி, அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டுங்கள். ஒவ்வொரு ராக்கர் இருந்த இடத்திலும் படி தட்டும். ராக்கரின் இரு முனைகளும் மேல்நோக்கித் தள்ளப்படுவதால் தேய்மானம் முழுவதும் அங்கேதான். தேயாத பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டுவிடலாம் என்று யோசிக்கும் கெட்டிக்காரர்களுக்கு ஒன்று: அதைப் பிடித்திருக்கும் திருகு, எண்ணெய்த் துளைகள் சரியான பக்கம் நிற்பதற்காகத்தான் இருக்கிறது. புது ஷாஃப்ட் வாங்குங்கள். பழையதையே போடும் நிலையில் இருந்தால், முனையிலுள்ள திருகு மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் கசடைக் கழுவுங்கள்.

ராக்கர் வால்வைத் தொடும் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) பொய் சொல்லும். தகடு பள்ளத்தின் மேல் பாலம்போல் நிற்கும், 0.012 அங்குலம் என்று நீங்கள் வைத்த டேப்பெட் இடைவெளி உண்மையில் அதைவிட அதிகமாக இருக்கும். டக்டக் சத்தம் போகவில்லையே என்று மேலும் மேலும் இறுக்கி, வால்வை எரித்துவிட்டு வருகிறார்கள். பள்ளத்தை லேசாகச் சாணை பிடிக்கலாம். ஆழமாகத் தேய்த்தால் கடினப்படுத்திய மேல்தோல் போய்விடும். பிறகு அந்த ராக்கர் குப்பைக்குத்தான்.

கழற்றும்முன் ரேடியேட்டர் தண்ணீரை இறக்குங்கள். ராக்கர் தாங்கி நட்டுகளில் நான்கு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை; அவற்றைத் தளர்த்தினால் தண்ணீர் கசியலாம். ராக்கர், புஷ் ராடு எல்லாவற்றையும் இருந்த வரிசையிலேயே வையுங்கள். ஒரே பையில் கொட்டிக் கொண்டுவராதீர்கள், தயவுசெய்து. புது செட்டுக்குப் பணம் கட்டுவதற்குமுன் பழையதைக் கொண்டுவந்து காட்டுங்கள். ஃபோர்ஜ் செய்தவையாக இருந்தால், அநேகமாக அவற்றையே சரிசெய்து தந்துவிடலாம்.