ராணி எறும்பா, தாயெறும்பா?

கோடை மழை விட்ட சாயங்காலம், பெங்களூருக்கு வெளியே ஆனேக்கல் பக்கத்து வீடுகளில் திண்ணை விளக்கைச் சுற்றி இறக்கையோடு எது பறந்தாலும் நம்மாட்களுக்கு அது ஈசல். கொஞ்சம் பெரிய கட்டெறும்பு சுவரோரம் போனால் அது ராணி எறும்பு. பல நேரம் இரண்டுமே தப்பு.

எறும்புக் கூட்டில் முட்டையிடும் பெண்ணை ராணி என்பதா, தாய் என்பதா? ராணி வடசொல். சமஸ்கிருத ராஜ்ஞீ பிராகிருதத்தில் ராணியாகி நம்மிடம் வந்தது, ரகரத்தில் சொல் தொடங்கக் கூடாதென்று பாடப்புத்தகங்கள் அதை இராணி ஆக்கின. நேர்த்தமிழ் வேண்டுமென்றால் அரசி இருக்கிறது. ஆனால் அவள் யாரை ஆள்கிறாள்? முட்டை இடுகிறாள், அவ்வளவுதான். ஐரோப்பாவில் தேன்கூட்டின் பெரிய ஈயை ரொம்ப காலம் அரசன் என்றே எழுதி வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் யான் சுவாமர்டாம் என்ற டச்சுக்காரர் அதை அறுத்து, உள்ளே சினைப்பை இருப்பதைக் காட்டினார். ஆள் பெண்ணென்று தெரிந்தது, கிரீடத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. என் ஓட்டு தாயெறும்புக்குத்தான்.

உடம்பும் அதைத்தான் சொல்கிறது. தலை பெரிதாக இருந்தால் ஏமாறாதீர்கள், கட்டெறும்பில் பெருந்தலை வேலைக்காரிகள் உண்டு, அவற்றின் மார்பு ஒடுங்கியிருக்கும். தாயெறும்புக்கு மார்பு திமில் போலப் புடைத்திருக்கும், அங்கேதான் பறப்பதற்கான தசை இருந்தது. இணை சேர்ந்ததும் இறக்கையைத் தானே உதிர்த்துவிடுவாள், லென்ஸில் பார்த்தால் மார்பின் பக்கவாட்டில் தழும்பு தெரியும், நெற்றியில் மூன்று குட்டிக் கண்புள்ளிகளும் இருக்கும். அப்புறம் பொந்துக்குள் அடைத்துக்கொண்டு, வெளியே இரை தேடப் போகாமல், அந்தப் பறக்கும் தசையையே கரைத்து முதல் ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்கிறாள். இதைச் செய்பவளுக்கு ராணி என்று பெயர்!

ஈசல் எறும்பே இல்லை, கறையான் புற்றிலிருந்து வருவது. சங்கப் பாடல்களில் அது ஈயல், உயிர் பேச்சில் உசிர் ஆவது போல ஈசலாயிற்று. அதற்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று கிடையாது. இறக்கை முளைத்த எறும்புக்கு முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை, இடுப்பு நூல் போல, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். அதிலும் தலை சின்னதாய், உடம்பு ஒல்லியாய் இருந்தால் ஆண்.

மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை நிறத்திலேயே பிடித்துவிடலாம், வேலைக்காரிகள் செம்மஞ்சள், தாய் பச்சை.

பெங்களூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் டயகாமா என்று இன்னொன்று உண்டு, கறுப்பாய், மேலெல்லாம் மெல்லிய வரிகளோடு. அதில் ராணியைத் தேடி அலையாதீர்கள். அந்த வகையில் தனியாக ராணியே பிறப்பதில்லை, வேலைக்காரிகளில் ஒருத்திதான் இணை சேர்ந்து முட்டையிடுவாள், பார்வைக்கு மற்றவர்களைப் போலவேதான் இருப்பாள். அவளையும் தாயெறும்பு என்று சொல்லிவிடலாம், ராணி என்று சொல்ல முடியாது.