ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் தெரபி: மிகையழுத்த உயிர்வளி மருத்துவம்

கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேல், மிகை. 'பரோஸ்' என்றால் கனம். பாரோமீட்டரில் இருப்பதும் இதே பரோஸ்தான். நம் 'பாரம்' இதற்கு உறவுபோல் ஒலிக்கும். ஆனால் அது சுமத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பரோஸுக்கு வடமொழியில் மெய்யான உறவுச்சொல், கனமானது என்று பொருள்படும் 'குரு'.

'ஆக்சிஜன்' என்பதற்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது உண்டென்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தவறாக எண்ணி வைத்த பெயர். அந்த வகையில் 'உயிர்வளி' பிழையற்ற சொல்.

மூடிய அறையில் காற்றழுத்தத்தைக் கூட்டி, நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பதே இந்த மருத்துவம். 'உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை' என்றால் இரத்த அழுத்தத்துக்கான சிகிச்சை என்று எண்ணிவிட இடமுண்டு. ஆகவே 'மிகையழுத்தம்' என்பதே என் தேர்வு. அழுத்தம், உயிர்வளி இரண்டுமே பெயரில் இருந்தாக வேண்டும். இரண்டில் எதனால் பலன் என்று பிரித்தறிவதுதான் ஆய்வின் பெரும்பாடு.

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் தண்டுவட மரப்பு நோயில் இது தெளிவாகத் தெரிந்தது. 1983-இல் நியூயார்க்கில் ஃபிஷரும் குழுவினரும் ஒரு பிரிவுக்கு இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவுக்கும் அதே அழுத்தம்தான். ஆனால் 10 சதவீத ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். அழுத்தம் இரட்டிப்பதால் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய வெளிக்காற்றில் உள்ள அளவே. அழுத்தத்தால் காது அடைப்பது இரு பிரிவினருக்கும் ஒன்றுதான் என்பதால் யாருக்கு எது என்று ஊகிக்க வழியில்லை. மிக நேர்த்தியான ஏற்பாடு! சிகிச்சை பெற்ற 17 பேரில் 12 பேரிடம் முன்னேற்றம். மற்ற 20 பேரில் ஒருவரிடம் மட்டும்.

1985-இல் பிரிட்டனில் 120 பேரிடம் நடந்த ஆய்வில் அந்தப் பலன் கிட்டவில்லை. 2004-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 504 பேர் பங்கேற்ற 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வழக்கமாகப் பயன்படுத்தப் போதிய சான்றில்லை என்றது. இந்நோய் பலருக்குத் தானே தணிந்து தானே திரும்பும். ஆகவே சில வாரங்கள் மட்டும் கவனித்தால், இயல்பான தணிவும் மருந்தின் வெற்றிபோலத் தோன்றிவிடும். உடல் இயலாமையை அளக்கும் கர்ட்ஸ்கி அளவுகோலும் நடையையே பெரிதும் பார்க்கிறது. களைப்பு அதில் சரிவரப் பிடிபடாது. களைப்பு குறைந்ததாகச் சொல்லும் நோயாளிகள் பிரிட்டனின் தொண்டு மையங்களில் இன்றும் இந்த அறைகளில் அமர்கிறார்கள்.