தலைதூக்கும் இடர்

சிங்கப்பூரில் கொள்கலன் முனையம் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் 'வளர்ந்து வரும் அபாயங்களை நிர்வகித்தல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே மெத்தனால், அம்மோனியா, லித்தியம் மின்கலம். பக்கத்தில் நின்று படித்த தம்பி கேட்டார்: "போன ஆண்டைவிட மெத்தனால் விபத்து கூடிவிட்டதா, அண்ணே?" அவர் படித்ததில் பிழையில்லை. அந்தத் தமிழுக்கு அதுதான் பொருள்.

'மேனேஜிங் எமர்ஜிங் ரிஸ்க்ஸ்' என்ற ஆங்கிலத்தைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். அதிலுள்ள 'எமர்ஜிங்' லத்தீன் வழி வந்தது. நீரில் அமிழ்ந்திருந்தது மேலே எழுவது. அந்தக் காட்சியில் அளவு பெருகுவதற்கு இடமே இல்லை.

'வளர்ந்து வரும்' என்றால் ஏற்கெனவே தெரிந்தது, இப்போது பெருகுகிறது. சரக்கு கூடக்கூட முனையத்துக்குள் லாரி நெரிசல் கூடினால் அப்படிச் சொல்லலாம். மெத்தனால் அப்படியா? சிங்கப்பூரில் கொள்கலன் கப்பல் ஒன்றுக்கு முதன்முதலாக அதை எரிபொருளாக நிரப்பியதே 2023 ஜூலையில்தான். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது; கரும்புகையும் எழாது. எண்ணெய்த் தீயைப் பார்த்துப் பழகியவர் அதன் அருகிலேயே நடந்துபோய்விடுவார். இங்கே வளர்ச்சியைப் பற்றி என்ன பேச்சு?

தமிழில் பிள்ளை வளரும், பயிர் வளரும், பிறை வளரும். பகையும் வளருமே என்பீர்கள். அதுவும் முன்பே இருந்த பகைதான். புதிதாக எழும் தீமை தலைதூக்கும். வன்முறை தலைதூக்கியது, கொள்ளைநோய் தலைதூக்கியது என்று நாளிதழ்கள் எழுதுவதைத்தானே படிக்கிறோம்? நீருக்கு மேலே எழும் அந்தப் பழைய காட்சியும் இந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது. 'புதிய' என்று சுருக்குவதும் போதாது. லித்தியம் அயனி மின்கலம் 1991இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அடைத்த கொள்கலனுக்குள் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் கவலைதான் பின்னால் தலைதூக்கியது.

'அபாயம்' மின்கம்பத்து மண்டையோட்டுக்குப் பொருந்தும். நேரக்கூடியதை முன்கூட்டி எடைபோடும் இடத்தில் 'இடர்' வேண்டும். 'இடர் மதிப்பீடு' என்று எழுதுகிறவர்கள் இதில் மட்டும் ஏன் பின்வாங்குகிறார்கள்? 'நிர்வகித்தல்' இன்னும் மோசம். கோயிலை நிர்வகிக்கலாம், இடரைக் கையாளத்தான் முடியும். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ். அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் கப்பல் தளத்தில் ஏறி இரும்புக் கம்பிகளால் கொள்கலனைக் கட்டுகிறார்.

'தலைதூக்கும் இடர்களைக் கையாளுதல்' என்று தம்பிக்கு எழுதிக் காட்டினேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "அப்படியானால் இது எப்படியெல்லாம் வரும் என்று இன்னும் முழுதாகத் தெரியாதா, அண்ணே?" என்றார்.