சிஸ்ட்: கட்டியா, பையா?

ஸ்கேன் அறிக்கையில் 'ஓவேரியன் சிஸ்ட்' (ஓவரி என்பது கருமுட்டை உருவாகும் சூலகம்) என்று ஒரு வரி இருக்கும். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அது 'கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் கட்டியாம்' என்று ஆகிவிடுகிறது. கேட்டவர் மனம் நேரே புற்றுநோய்க்குத்தான் போகும். இந்தப் பயத்துக்கு நம் சொல்லும் ஒரு காரணம்.

சிஸ்டின் வேர் 'கிஸ்டிஸ்' என்ற கிரேக்கச் சொல். பை, குறிப்பாகச் சிறுநீர்ப்பை, என்று பொருள். சிறுநீர்ப்பை அழற்சி 'சிஸ்டைட்டிஸ்' ஆனதும் இதனால்தான். நமக்கோ கட்டி என்றால் இறுகித் திரண்டது: வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி, கட்டித் தயிர். சீழ்க்கட்டிக்குள் இருப்பது நீர்மம்தானே என்று கேட்கலாம். ஆனால் தொடும் விரலுக்குத் தட்டுப்படுவது திரட்சிதான். கட்டி என்பது கை வைத்த பெயர்; ஸ்கேன் உள்ளே பார்க்கிறது.

ஸ்கேன் கருவி அனுப்பும் மீயொலி, தெளிந்த நீர்மத்தில் எதிரொலிக்காமல் கடந்துவிடும். அதனால் வெறும் நீர் நிறைந்த பை, வழுவழுப்பான மெல்லிய சுவரோடு திரையில் கன்னங்கரேலென்று தெரியும். அந்தக் கறுப்புக்குள் உட்சுவரிலிருந்து 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு சாம்பல் முளை நீட்டிக்கொண்டிருந்தாலும் மருத்துவரின் கை அங்கேயே நின்றுவிடும். அதில் ரத்தம் ஓடுகிறதா என்று டாப்ளரில் பார்ப்பார். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் ஓ-ராட்ஸ் வகைப்பாடு இத்தகைய அடையாளங்களையே எண்ணாக்குகிறது. 2 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 3 என்றால் 10-க்குக் கீழே. 4 என்றால் 10 முதல் 50-க்குள். 5 என்றால் 50-உம் அதற்கு மேலும்.

மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 3 செ.மீ. வரையுள்ள எளிய பையை அந்த வகைப்பாடு சிஸ்ட் என்றே சொல்வதில்லை. அது முட்டை வளரும் குமிழ், இயல்பானது, எண் 1. பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் 'நீர்க்கட்டிகள்' என்று சொல்லப்படுபவையும் முதிராத குமிழ்களே. இதைச் சொல்லாமல் விடுவதால் எத்தனை இளம்பெண்கள் வீணாகக் கலங்குகிறார்கள்!

நீர்க்கட்டி வழக்கில் ஊன்றிய சொல்தான். ஆனாலும் மூலத்துக்கும் திரையில் தெரிவதற்கும் பொருந்துவது 'பை' என்பதே. சூலக நீர்ப்பை எனலாம். பழைய ரத்தம் தேங்கியிருந்தால் குருதிப்பை. சுவரில் முளை இருந்தால் 'திடப்பகுதி உள்ள பை' என்று அப்படியே எழுதலாம். முழுதும் திடமானதற்கு மட்டும் கட்டி என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். ஓவரிக்குச் சினைப்பை என்றும் சொல்கிறோம். ஆனால் 'சினைப்பை நீர்ப்பை' என்னும்போது நாக்கு இடறுகிறது. அதனால்தான் சூலகம் என்றேன்.